இடுப்பு முறிந்தால் வாழ்க்கை முடிந்துவிடுமா?

"வயசு போன நேரத்தில இடுப்பு முறிஞ்சா இனிப் படுக்கைதான்" என்று எங்கள் தோட்டங்களில் சாதாரணமாகச் சொல்வார்கள். பண்டாரவளைப் பகுதி லயங்களுக்குச் சமூக சேவையாளராகப் போய்வரும் நான் இதை அடிக்கடி கேட்கிறேன். இது விதியல்ல. நேரத்தோடு நல்ல சிகிச்சை கிடைத்தால் பலர் மீண்டும் எழுந்து நடக்கிறார்கள்.

மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு வேகமாகப் பலம் குறைகிறது. ஈரமான படியிலோ பீலிக்கரையிலோ சறுக்கி விழுந்தாலே போதும், தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்துவிடும். விழுந்தவரால் எழ முடியாது. பெரும்பாலும் அந்தக் கால் சற்றுக் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அப்போது எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். கால்களுக்கு இடையில் தலையணை வைத்து, அசையாமல் பலகையில் தூக்க வேண்டும். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தால் கட்டணமில்லை.

இந்த முறிவுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை தேவைப்படும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் படுக்கைப்புண், சளிச்சுரம், காலில் இரத்தம் உறைதல் என்று ஆபத்துகள் கூடும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முறிவல்ல, படுத்த படுக்கையே.

இங்கிலாந்தில் 2007 இல் இத்தகைய நோயாளர்களுக்கென்று தேசியப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. 36 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்ததா, முதியோர் வைத்தியர் பார்த்தாரா, எலும்புக்கு மருந்து கொடுக்கப்பட்டதா என்றெல்லாம் வைத்தியசாலைகள் கணக்கு வைத்தன. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 2007 இல் 100க்கு ஏறத்தாழ 11 பேர். 2011 இல் அது 8.5 ஆகக் குறைந்தது. புதுமையான மருந்து எதுவும் வந்துவிடவில்லை. செய்யவேண்டியதை நேரத்துக்குச் செய்தார்கள், அவ்வளவுதான்.

நான் அறிந்த ஒரு தோட்டத்து அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. 1977 கலவரத்தின் பின் வவுனியாவுக்குப் போன உறவினரோடு மகளும் அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். கணவரை யுத்தத்தில் இழந்தவர். வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சை முடிந்த இரவு அம்மா சத்தமிட்டார், ஆட்களை மாறாட்டமாகப் பேசினார். வார்ட்டில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். மறுநாள் மகள் வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டி, கையைப் பிடித்துப் பேச, மெல்ல அமைதியானார். அது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல. வலி, நீர்க்குறைவு, கிருமித்தொற்று, புதிய இடம் எல்லாம் சேர்ந்து முதியவருக்கு ஏற்படுத்தும் தற்காலிகக் குழப்பம். காரணத்தைத் தேடிச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளியும். 1987 இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. நோயாளியிடம் அவர் மொழியில் பேசுவது சலுகையல்ல. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

சகோதரிகளே, யுத்தத்துக்குப் பின் நம் வீடுகள் பலவற்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அம்மாவோ மாமியோதான். அவர் விழுந்தால் குடும்பமே விழுகிறது. ஆகவே வார்ட்டில் மரியாதையாக, ஆனால் பயப்படாமல் இவற்றைக் கேளுங்கள்:

சத்திரசிகிச்சை எப்போது? தாமதம் என்றால் என்ன காரணம்?
வலிக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?
மறுநாளே எழுப்பி உட்கார வைப்பீர்களா? நடக்கப் பழக்குபவர் எப்போது வருவார்?
பக்கம் மாற்றிப் படுக்கவைக்க நானும் உதவலாமா?
எலும்பைப் பலப்படுத்தும் மருந்து தருவீர்களா? அடுத்த கிளினிக் எப்போது?

துண்டு வெட்டி வீட்டுக்கு வந்ததும் படியோரம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு நடுங்கள். இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வெளிச்சம் இருக்கட்டும். குரக்கன், நெத்தலி, கீரை, முட்டை என்று முடிந்ததைக் கொடுங்கள். தினமும் சில அடியாவது நடக்க வையுங்கள். ஒரு இடுப்பு முறிந்தவருக்கு மற்ற இடுப்பும் முறியும் அபாயம் அதிகம். அதனால் எலும்பு மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.