கரிசல் நிலத்துக் கனிகள்

வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பெற்ற கயத்தாறு, வானம் பார்த்த கரிசற் பூமியாகும். அங்கிருந்து கோவில்பட்டி நோக்கிச் செல்வோர் பருத்தியையும் கம்பையும் காண்பர். ஆனால் வரப்போரத்து இலந்தையையும், வேலியில் சிவந்து பழுத்த சப்பாத்திக்கள்ளியையும், கண்மாய்க் கரையில் நிற்கும் நாவலையும் ஒரு பொருட்டாக எண்ணுவோர் சிலரே. விலை மிகுந்த பழத்திலேதான் சத்து மிகுதி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அஃது உண்மைதானா?

இக்காலத்தில் ராஸ்ப்பெரி என்னும் குளிர்நாட்டுப் பழத்தின் பெருமை பெரிதும் பேசப்படுகின்றது. அதன் இனத்துச் செடிகள் நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் காடாக வளர்கின்றன. கரிசலில் அவை வளர்வதில்லை. அப்பழத்திற்குச் செந்நிறம் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள். அஃது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வல்லது என்பதே அப்புகழுக்குக் காரணம்.

ஆக்சிஜனேற்றம் என்பது யாது? அரிந்த வாழைக்காய் சிறிது நேரத்தில் கறுத்துப்போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதிலுள்ள சில பொருள்களோடு சேர்வதால் அவ்வாறு நேர்கின்றது. எலுமிச்சஞ்சாறு தடவினால் கறுப்பது தாமதப்படும். நாம் மூச்சில் கொள்ளும் ஆக்சிஜன் உணவை எரித்து ஆற்றல் தரும்போது, எலக்ட்ரான் ஒன்று குறைந்த சில மூலக்கூறுகள் உடலில் உண்டாகின்றன. அவை அண்டையிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது மற்றொன்றைப் பறிக்கும். தன்னிடமுள்ளதைக் கொடுத்து இத்தொடரை நிறுத்தும் பொருளே ஆக்சிஜனேற்றத் தடுப்பி.

நாவற்பழத்தைத் தின்றால் நாக்கு ஊதா நிறமாகின்றதன்றோ? அச்சாயமும் ஆந்தோசயனினே! சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் செந்நிறமோ வேறு வகை. பீட்டாலைன் எனப்படும் அது பீட்ரூட்டிலும் உண்டு. (தென்னிந்தியாவில் காடாய் மண்டிக் கிடந்த இக்கள்ளியை அழிக்க 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒருவகைப் பூச்சியைக் கொணர்ந்தனர். அதற்குத் தப்பியவையே இன்று வேலிகளில் நிற்கின்றன.) இப்பழத்தின் மீதுள்ள நுண்முட்களை முற்றும் நீக்காமல் வாயிலிடலாகாது.

இலந்தைக்குப் பகட்டான நிறமில்லை. எனினும் 100 கிராம் ராஸ்ப்பெரியில் ஏறத்தாழ 26 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்க, அதே அளவு இலந்தையில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் காணப்படுகின்றது.

அங்ஙனமாயின் இப்பொருள்களைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விழுங்கலாமே எனச் சிலர் எண்ணினர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பழங்களிலும் காய்களிலும் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் மஞ்சள் நிறப்பொருளை அவர்களுள் ஒரு பகுதியினர் பல்லாண்டுகள் மாத்திரையாக உண்டனர். 1994-இல் முடிவு வெளியாயிற்று. உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை; உண்ணாதவரினும் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு மிகுந்திருந்தது!

பழத்தில் நிறப்பொருள் தனித்து நிற்பதில்லை. நார்ச்சத்தும் பிறவும் உடனிருக்கின்றன. உண்ட ஆந்தோசயனினில் இரத்தத்தைச் சேர்வது சிறிதே; எஞ்சியது குடலில் வாழும் நுண்ணுயிர்களால் வேறு பொருள்களாக மாற்றப்படுகின்றது. பழமும் காயும் மிகுதியாக உண்போரிடம் இதய நோய் குறைந்து காணப்படுவது உண்மையே. ஆயினும் அதனை ஒரு பொருளின் செயலாகக் கொள்வது பொருந்தாது. நாவற்கொட்டைத் தூளை நம்பி, நீரிழிவுக்கு மருத்துவர் கொடுத்த மருந்தைக் கைவிடுவதும் தகாது.

பழுத்த இலந்தையை மிளகாய், உப்பு, வெல்லம் ஆகியவற்றோடு இடித்து, வடையாகத் தட்டி, வெயிலில் உலர்த்துவர். அது நாவிற்கு இனியதே. ஆனால் உலரும்போது வைட்டமின் சி பெரிதும் குறைந்துவிடும். மரத்தடியில் பொறுக்கிக் கழுவித் தின்னும் பழத்திலேயே அது நிறைந்துள்ளது.