சர்வருக்கும் நாடி பிடித்துப் பார்க்கணும்!
- மூன்றாமாண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்

‘கிளவுட்’ என்றதும் ஏதோ ஆகாயத்தில் இருக்கிற சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி ஒன்றும் இல்லை. மும்பையிலும் ஹைதராபாத்திலும் பெரிய கட்டிடங்களில் ஏ.சி. போட்டு அடுக்கி வைத்திருக்கிற கம்ப்யூட்டர்கள்தான் அவை. வாடகை கொடுத்தால் நமக்கென்று ஒரு பங்கு பிரித்துத் தருவார்கள். அந்தப் பங்குக்குப் பெயர் இன்ஸ்டன்ஸ். ஒரே இன்ஸ்டன்ஸை நம்பினால் ஆபத்து என்பதால், ஒரே புரோகிராமை நாலைந்தில் ஓட்டி, முன்னால் லோடு பேலன்சர் ஒன்றை நிறுத்துவார்கள்.

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு பார்த்திருப்பீர்கள். வெண்ணாற்றில் வரும் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. நம்ம மன்னார்குடிக்கு வருவது பாமணியாறு. லோடு பேலன்சர் அதுமாதிரி ஒரு தலைப்பு. ஓர் ஆற்றில் கரை உடைந்தால் அந்தப் பக்கம் ஷட்டரை இறக்கணும். ஆனால் உடைந்தது ஷட்டர் இறக்குகிறவருக்கு எப்படித் தெரியும்? யாராவது கரையோடு நடந்து பார்த்துச் சொன்னால்தானே!

அந்த நடைக்குத்தான் ‘ஹெல்த் செக்’ என்று பெயர். லோடு பேலன்சர் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸையும் கூப்பிட்டு “இருக்கியா?” என்று கேட்கும். ‘200’ என்று பதில் வந்தால் ஆள் நலம். அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சரில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், 30 வினாடிக்கு ஒருமுறை கேட்கும். 5 வினாடிக்குள் பதில் வரணும். தொடர்ந்து 2 முறை தவறினால் ஒதுக்கிவிடும். திரும்பச் சேர்க்கவோ 5 முறை சரியான பதில் வேண்டும். ஏன் இந்த ஓரவஞ்சனை? காய்ச்சல் விட்ட அன்றைக்கே ஒருத்தரை நடவுக்கு அனுப்பினால் மறுநாள் மறுபடி படுத்துக்குவார், அதான்.

சரி, ‘200’ வந்தால் போதுமா? போதாது. புரோகிராம் உயிரோடு இருக்கும், டேட்டாபேஸ் செத்திருக்கும். அப்போதும் ‘200’ வரும்! அதற்காக டேட்டாபேஸையும் சேர்த்துச் சோதித்தால் வேறு வம்பு. அது கொஞ்சம் மெதுவானாலே எல்லா இன்ஸ்டன்ஸும் ஒரே நேரத்தில் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிடும்.

உயிர் இருக்கா என்பது ஒரு கேள்வி, வேகம் இருக்கா என்பது வேறு கேள்வி. இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றும். 100 பேரில் 95 பேருக்கு 0.2 வினாடியில் பக்கம் திறக்கிறது, 5 பேருக்கு 20 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1.19 வினாடி. ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். அந்த 5 பேர் கணக்கிலேயே வரவில்லை! கடைசித் தேதியன்று ஒரு விண்ணப்பம் போட எங்க அப்பா பிரவுசிங் சென்டரில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைய கூலியும் போச்சு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சராசரியைப் பார்ப்பதில்லை. வரிசையில் 95-வது, 99-வது ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு என்றுதான் பார்க்கிறார்கள்.

எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதும் முக்கியம். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியவர்களுக்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியது. நிமிஷத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாக அறிவித்தார்கள். முதலில் திணறி, பிறகு சரியாகி, அன்றே ஒரு கோடிக்கு மேல் பதிவானது. அமேசானில் சாதாரணக் கண்காணிப்பு 5 நிமிஷத்துக்கு ஒருமுறை, காசு கொடுத்தால் 1 நிமிஷத்துக்கு ஒருமுறை. அந்த மாதிரிக் கூட்டத்தில் 5 நிமிஷம் என்றால் 1 கோடியே 35 லட்சம் கோரிக்கை. அதற்கப்புறம் மணி அடித்து என்ன பயன்?

இந்தத் தொழிலில் நம்ம ஆட்களும் இருக்கிறார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் கண்காணிப்பு சாஃப்ட்வேரில் தொடங்கியதுதான் இன்றைய ஜோஹோ. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவின் குடும்பம் தஞ்சாவூர் மாவட்டம்! அவர்களின் ‘சைட் 24 இன்டு 7’ உலகில் பல ஊர்களிலிருந்து தளத்தைத் திறந்து பார்த்துச் சொல்லும். சர்வர் அறைக்குள் எல்லாம் நலமாக இருந்தும் வெளியூர்க்காரருக்குத் திறக்காமல் போகலாம் இல்லையா?

நாடி பார்க்கிறவருக்கே காய்ச்சல் வந்த கதையும் உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வடக்கு விர்ஜினியா மையம் விழுந்தது. டைனமோடிபி என்ற டேட்டாபேஸின் டி.என்.எஸ். பதிவு காலியாகிப் போனதுதான் ஆரம்பம். அது சரியான பிறகு புதிதாகக் கிளப்பிய இன்ஸ்டன்ஸ்களுக்கு நெட்வொர்க் விவரம் போய்ச் சேரத் தாமதம். நல்லா இருந்த இன்ஸ்டன்ஸையும் ஹெல்த் செக் ஒதுக்குவதும் சேர்ப்பதுமாகத் தடுமாறியது. கடைசியில் இன்ஜினியர்கள் அந்தத் தானியங்கி ஒதுக்கலையே நிறுத்தி வைத்தார்கள்.

கிளவுட் வாடகைக்குக் காசு இல்லையென்றால் நம்ம லேப் போதும். ஒரு சிஸ்டத்தில் இலவச என்ஜின்எக்ஸ், பின்னால் இரண்டு சிஸ்டத்தில் சின்ன புரோகிராம். இந்த இலவச என்ஜின்எக்ஸ் தானாகப் போய் நலம் விசாரிக்காது. ஒரு கோரிக்கை தவறினால் 10 வினாடி அந்த சிஸ்டத்தை ஒதுக்கி வைக்கும், அவ்வளவுதான். ஒரு புரோகிராமை நிறுத்துங்கள். பிரவுசரில் ஒன்றுமே தெரியாது, எரர் லாகில் ஒரு வரி விழும். அடுத்து, நிறுத்தாமல் பதில் சொல்லாதபடி தூங்க வைத்துப் பாருங்கள். மாற்றாத செட்டிங்கில் 60 வினாடி காத்திருந்த பிறகுதான் அடுத்த சிஸ்டத்துக்குப் போகும். அந்த 60-ஐ 3 ஆக்கிவிட்டு மறுபடி ஸ்டாப்வாட்சை அமுக்குங்கள். லேப் அசிஸ்டெண்ட் சாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்!