கிருமி போன பிறகும் கேமரா எதற்கு?

ஆரணியில் உங்கள் தாத்தா வயிற்றுப்புண் என்று சுருண்டு படுத்தால், "காரத்தைக் குறைங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்பார்கள் வீட்டில். ஒரு காலத்தில் டாக்டர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர டாக்டர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதை ஏற்கவில்லை. வளைந்து நெளிந்த ஒரு பாக்டீரியாதான் காரணம் என்றார்கள். பலரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தி, வாய் நாற்றம். கேமரா வைத்த குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தால் (இதுதான் எண்டாஸ்கோப்பி) இரைப்பைச் சுவர் அழன்று கிடந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. (நீங்கள் யாரும் இப்படிச் செய்துபார்க்கவே கூடாது!)

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றிக்கொள்ளும். பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்குப் புண், வெகு சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய். இது எங்கோ நடக்கிற சங்கதி இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-களில் தொடங்கிய பதிவேட்டில், சென்னை ஆண்களிடையே பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது இரைப்பைப் புற்றுநோய்தான்.

மருந்து இருக்கிறது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து, பொதுவாக 14 நாள். நடுவில் நிறுத்தினால் கிருமி பிழைத்துக்கொள்ளும். முழுதாக முடித்தால் புற்றுநோய் அபாயம் நன்றாகக் குறைகிறது.

"அப்புறம் ஏன் தாத்தாவை மறுபடி எண்டாஸ்கோப்பிக்கு வரச் சொல்றாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கிருமி பல வருடம் குடியிருந்ததில் சிலருக்கு இரைப்பைச் சுவர் மெலிந்துபோயிருக்கும். கிருமி செத்தாலும் அந்தச் சேதம் முழுதும் ஆறுவதில்லை. அதனால் அபாயம் குறையுமே தவிர அடியோடு போய்விடாது.

கிருமி போன பிறகு வரும் புற்றுநோய் வேறு மாதிரி இருக்கிறது என்பதை ஜப்பான் டாக்டர்கள் உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மருந்து சாப்பிடாதவர்களுக்குக் கட்டி மேடாக எழும்பி நிற்பதுண்டு. சாப்பிட்டவர்களுக்கோ பெரும்பாலும் சிறியதாக, தட்டையாக, லேசாகக் குழிந்து இருக்கும். அதன்மேல் நல்ல திசுவைப் போன்ற மெல்லிய படலமும் மூடியிருக்கலாம். அவசரமாகப் பார்த்தால் தப்பிவிடும். ஆகவே டாக்டர் உள்ளே நீலச் சாயம் தெளிக்கிறார். சாயம் பள்ளத்தில் தேங்கும். குழியின் ஓரம் தெளிவாகத் தெரியும். இவ்வளவு சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், பலருக்கு வயிற்றைக் கிழிக்காமல், அதே குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிட முடிகிறது.