ஒட்டிய கண்ணாடி ஏன் உடைகிறது?

முதுகலை வகுப்பில் நான் படித்த நாளில், எங்கள் கல்லூரியில் கண்ணாடி ஊதும் சிறு அறை ஒன்று இருந்தது. ஒரு மாலையில், உடைந்த நீலப் புட்டியின் துண்டொன்றை ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கோலின் நுனியில் சுடரில் காட்டி ஒட்டினேன். இரண்டும் இளகி ஒன்றாயின. அழகான நீலக் குமிழ் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியுடன் அதை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் குமிழ் வேறாகவும் கோல் வேறாகவும் கிடந்தன. யாரும் அதைத் தொடவில்லை. அது கீழே விழவும் இல்லை. பின் எது அதை உடைத்தது?

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வீணாக்காமல் பயன்படுத்த விரும்பும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது.

சுடரில் பிறக்கும் மணிகள்

வெனிஸ் நகரின் கண்ணாடித் தொழில் உலகப் புகழ் பெற்றது. 1291ஆம் ஆண்டில் அங்கிருந்த கண்ணாடி உலைகள் அருகிலுள்ள முரானோ தீவுக்கு மாற்றப்பட்டன. பெரிய உலைகளில் கலங்கள் உருவாக, சிறு மணிகளை விளக்குச் சுடரிலேயே செய்யும் கலையும் அப்பகுதியில் வளர்ந்தது. முற்காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதிக் கூர்மையாக்கினார்கள். இன்று எரிவாயுவும் ஆக்சிஜனும் அந்த வேலையைச் செய்கின்றன. களிமண் பூசிய மெல்லிய எஃகுக் கம்பியின்மேல் இளகிய கண்ணாடியைச் சுற்றினால் மணி உருவாகிறது. ஆறியபின் கம்பியை உருவிவிட்டால் கோப்பதற்கான துளை தயார். இத்தாலி, பிரான்சு நாடுகளின் கண்ணாடி மணிக் கலையை 2020இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றது.

இந்த வேலையில் துண்டுகள் மிஞ்சாமல் இருப்பதில்லை. கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் கோல் குட்டையாகிவிடும். விரிசல் விட்ட மணிகளும் சேரும். ஆனால் இவை குப்பையல்ல. குட்டைக் கோலை மற்றொரு கோலின் நுனியில் ஒட்டி நீளமாக்கலாம். இளக்கி இழுத்தால் கோலம் போட உதவும் மெல்லிய இழை கிடைக்கும். இரண்டு மூன்று நிறங்களைச் சேர்த்து முறுக்கி இழுத்தால் வரிவரியான கோல் கிடைக்கும். நொறுக்கி அரிசி நொய்போல் ஆக்கி, சூடான மணியை அதில் உருட்டினால் புள்ளிப் புள்ளியாக நிறம் பிடிக்கும்.

எல்லா நிறங்களையும் ஒன்றாய் உருக்கினால் வானவில் கிடைக்குமா? கிடைக்காது. ஒவ்வொரு நிறக் கண்ணாடியும் வெள்ளொளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. பல நிறங்கள் கலந்தால் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் விழுங்கப்பட்டு, மங்கிய பழுப்பு நிறமே எஞ்சும்.

தலைமுடி அளவு வேறுபாடு

இனி நம் கேள்விக்கு வருவோம். கண்ணாடி சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது. ஆனால் எல்லாக் கண்ணாடிகளும் ஒரே அளவு சுருங்குவதில்லை. ஒரு டிகிரி செல்சியசுக்கு முரானோ வண்ணக் கோல்கள் தம் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 10.4 பங்கும், சன்னல் கண்ணாடி சுமார் 9 பங்கும், ஆய்வுக்கூடங்களில் பயன்படும் போரோசிலிக்கேட் கண்ணாடி 3.3 பங்கும் மாறுகின்றன. இந்த எண்ணையே நீள் விரிவெண் என்கிறோம்.

சுமார் 500 டிகிரியில் கண்ணாடி இறுகிவிடுகிறது என்று கொள்வோம். அங்கிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது 10 செ.மீ. நீள முரானோக் கோல் தோராயமாக 0.49 மி.மீ. சுருங்கும். அதே நீளமுள்ள சன்னல் கண்ணாடி 0.42 மி.மீ. சுருங்கும். வேறுபாடு 0.07 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமன்!

இவ்வளவு சிறிய வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் கண்ணாடி ரப்பரைப்போல் விட்டுக்கொடுப்பதில்லை. ஒட்டியிருக்கும் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. சம தடிமனுள்ள இரு கோல்கள் இந்த வேறுபாட்டைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டாலும், அதிகம் சுருங்க விரும்பும் கோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை தொங்குவதற்குச் சமமான தகைவு ஏற்படுகிறது. அமுக்குதலைக் கண்ணாடி நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், விரிசல் அங்கே தொடங்கிவிடும். என் நீலக் குமிழுக்கும் போரோசிலிக்கேட் கோலுக்கும் இருந்த வேறுபாடு இதைப்போல் நான்கு மடங்கு. அது உடைந்ததில் வியப்பில்லை.

மருந்துள்ள நோயும் மருந்தில்லாத நோயும்

‘மெதுவாக ஆறவிட்டால் உடையாது’ என்று சிலர் கூறுவர். இது பாதி உண்மை. மணியின் வெளிப்புறம் முதலிலும் உட்புறம் பின்னரும் ஆறுவதால் ஏற்படும் தகைவு ஒரு வகை. சூளையில் 500 டிகிரியை ஒட்டி வைத்திருந்து, பின் படிப்படியாக ஆற்றினால் அது நீங்கிவிடும். ஆனால் விரிவெண் வேறுபாட்டால் வரும் தகைவு எத்தனை நாள் பொறுத்து ஆற்றினாலும் நீங்காது. அது பொருள்களிலேயே உள்ள பிணக்கு. இதனால்தான் செய்த அன்று குறையின்றித் தோன்றிய மணி, சில நாள் கழித்து வாங்கியவர் கையில் பிளந்துவிடுவதுண்டு.

நிறத்தில் ஒத்திருப்பது உறவாகாது. நீலப் புட்டிக்கும் நீல முரானோக் கோலுக்கும் நிறம் தந்தது ஒரே கோபால்ட்டாக இருக்கலாம். சுருக்கத்தைத் தீர்மானிப்பதோ, பெரும்பகுதியாக உள்ள மணல், சோடா, சுண்ணாம்பு, போரான் ஆகியவற்றின் விகிதம்.

இழை சொல்லும் தீர்ப்பு

எங்கிருந்து வந்ததென்று தெரியாத துண்டை எப்படிச் சோதிப்பது? கைவினைஞர்களிடம் எளிய வழி ஒன்று உண்டு. தெரிந்த கண்ணாடியையும் தெரியாத கண்ணாடியையும் பக்கம் பக்கமாக ஒட்டி, நன்றாக இளக்கி, இடுக்கியால் பற்றி மெல்லிய இழையாக இழுக்கிறார்கள். இழை ஆறிய பிறகும் நேராக நின்றால் இரண்டும் பொருந்தும். வில்லாக வளைந்தால் பொருந்தா. வளைவின் உட்பக்கம் இருப்பது அதிகம் சுருங்கும் கண்ணாடி. பள்ளியில் நாம் படித்த ஈருலோகத் தகட்டின் தத்துவமே இது.

செய்து முடித்த மணியையும் சோதிக்கலாம். கணினியின் எல்.சி.டி. திரையிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளி. திரையை வெள்ளையாக்கி, போலராய்டு கண்ணாடி ஒன்றைத் திரை இருளும்வரை சுழற்றுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒளிபுகும் மணியைப் பிடியுங்கள். தகைவுள்ள இடம் மட்டும் இருளில் பளிச்சென்று ஒளிரும்.

துண்டுகளைக் கையாள்வோர் சிலவற்றை மறக்கலாகாது. குளிர்ந்த துண்டைத் திடீரென்று சுடரில் நீட்டினால் அது சிதறும்; கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். நொறுக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு; சில வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். எனவே ஈரப்படுத்தி, முகமூடி அணிந்தே நொறுக்க வேண்டும்.

மிஞ்சிய துண்டுகளைச் சிவப்பு ஒரு சாடியில், பச்சை ஒரு சாடியில் என்று பிரித்துவைக்கத்தான் நம் கண் சொல்லும். இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது. எந்த வகைக் கோலிலிருந்து மிஞ்சியது என்பதைச் சாடியின்மேல் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சீட்டு இருந்தால் துண்டு, சரக்கு. இல்லையேல், இழை சோதனையில் தேறும்வரை அது வெறும் அழகான சில்லுதான்.