அடைத்த வளைவுகள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்றொரு ஊர் இருந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை கூரையிழந்த புனித மார்ட்டின் தேவாலயமும், வீடுகள் நின்ற இடத்தில் புல் மூடிய மேடுகளும்தான்.

ஊரைக் கொள்ளைநோய் அழித்தது என்பார்கள். நோயின்மேல் பழியைப் போட்டுவிட்டால் நிலவுடைமையாளர் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? 1349இல் வந்த நோய் பலரைக் கொன்றது உண்மை. ஆனால் ஊர் அதன்பின்னும் ஒன்றரை நூற்றாண்டு உயிரோடிருந்தது. 1500ஐ ஒட்டிக் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியவர் நிலப்பிரபு. உழுத வயல்கள் ஆட்டு மேய்ச்சலாயின.

தேவாலயச் சுவரையே ஆவணமாகப் படிக்கலாம். மக்கள் பெருகிய 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பக்கக்கூடங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். மக்கள் குறைந்ததும் அவற்றை இடித்து, வளைவுகளைக் கல்வைத்து அடைத்தார்கள். பக்கத்து ஊரார் வழிபட வந்ததால் கட்டடம் பிழைத்தது. 1870இல் திக்ஸெண்டேலுக்குத் தனிக் கோவில் வந்ததும் தளர்ந்தது. 1959இல் கோபுரம் பாதி சரிந்தது.

1950 முதல் 1990 வரை மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் கோடைதோறும் அகழ்ந்தார்கள். பிரபுவின் மாளிகையோடு நிற்காமல் குடியானவர் வீடுகளையும் தோண்டியதே அவர்கள் செய்த பெரிய காரியம். தேவாலயப் புதைநிலத்தில் ஏறத்தாழ 700 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அங்கே 14 வயதுப் பிள்ளையின் உயரம் இன்றைய 10 வயதுப் பிள்ளையின் உயரம்தான்.

பாதுகாப்பு என்ற பெயரில் யாரும் அந்தச் சுவர்களைப் பூசி மெழுகவில்லை. அடைத்த வளைவுகள் இன்றும் அப்படியே தெரிகின்றன.