எண்ணுவதும் கண்காணிப்பதும்



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் இந்த மேடையில் கேமராவையும் கைரேகைக் கருவியையும் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்கலாம். பொருத்தம் என்பதற்கு 1911ஆம் ஆண்டு சாட்சி. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மைப் பௌத்தர்களாகப் பதிய வேண்டும் என்று பண்டிதர் தம் ‘தமிழன்’ இதழில் வாதாடினார். அரசின் ஏட்டில் என்ன பெயரில் ஏறுகிறோம் என்பது நம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே 1911இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆக, ஒரே அரசு ஒரே காலத்தில் இரண்டு ஏடுகளைத் திறந்தது. ஒன்று மக்களை எண்ணியது. மற்றொன்று மக்களைக் கண்காணித்தது. இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வதே இந்த உரையின் நோக்கம்.

குற்றப் பரம்பரைச் சட்டம், குற்றம் செய்த ஆளைத் தேடவில்லை. ஒரு சாதி முழுவதையும் குற்றவாளி என்று அறிவித்தது. அறிவிக்கப்பட்டவர்கள் கைரேகை வைக்க வேண்டும்; குறித்த நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும்; ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தனர். அவர்கள் பிறமலைக் கள்ளர்கள். குறவர் சமூகப் பிரிவுகள் உள்ளிட்ட வேறு பலரும் அதே ஏட்டில் இருந்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சட்டத்திலிருந்து சாதியின் பெயர் நீங்கியது. காவல் நிலையத்தின் பார்வையிலிருந்து நீங்கவில்லை.

நள்ளிரவில் வந்து கதவைத் தட்டும் காவலர்களை எதிர்த்து உத்தரப் பிரதேசத்தின் கரக் சிங் உச்ச நீதிமன்றம் போனார். 1962இல் வந்த தீர்ப்பு, இரவில் வீடு புகுவதைத் தடுத்தது. ஆனால் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை அல்ல என்றும் சொன்னது. அந்தக் கருத்தை நீக்க 55 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அந்தரங்கம் வசதி படைத்தவர்களின் கவலை, ஏழைக்குச் சோறுதான் வேண்டும் என்ற வாதம் அந்த வழக்கில் வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாமும் ஏற்க முடியாது.

ஏன் என்பதற்கு அம்பேத்கரின் வாழ்க்கையே விளக்கம். வெளிநாட்டில் படித்துத் திரும்பிப் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தபோது, தங்க இடமின்றி ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் அவர் தங்க நேர்ந்தது. சாதி தெரிந்ததும், 11ஆம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். இதை அவர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். வெளியே தெரிந்தால் வீட்டை, வேலையை, சில நேரம் உயிரையே பறிக்கும் ஒரு தகவல் சாதி. வாடகைக்கு வீடு தேடிய நம் பிள்ளைகளுக்கு இது தெரியும். முகவரியில் ‘காலனி’ என்ற ஒரு சொல் போதும். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்ததும் இதனால்தான்.

இப்போது கருவிகளுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. கைரேகை, கால்தடம் மட்டுமின்றி, கருவிழிப் பதிவும் கையெழுத்தும் உடல் மாதிரிகளும் எடுக்க அது வழி செய்கிறது. அவற்றை 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். விடுதலையானால் அழிக்கலாம் என்ற விதி உண்டு; அதற்கும் விலக்கு உண்டு.

முகம் அறியும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது? கேமராவில் தெரியும் முகத்தை, ஏற்கெனவே சேமித்த படங்களோடு ஒப்பிட்டு, இவர் அவராக இருக்கலாம் என்று சொல்கிறது. அது உறுதியான அடையாளம் அல்ல, ஓர் ஊகம். அந்த ஊகம் யார் மீது விழும்? யாருடைய படங்கள் சேமிப்பில் இருக்கின்றனவோ அவர்கள் மீதே விழும். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு; சிறைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பழைய ஏட்டின் சாய்வு புதிய கருவிக்குள் அப்படியே போகிறது. தமிழ்நாடு காவல் துறை 2021இல் இந்த மென்பொருளைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் தளத்திலிருந்தே தகவல்கள் கசிந்தன. அதே மாதம் உச்ச நீதிமன்றம், பின்தங்கிய சமூகத்தில் பிறந்தார் என்பதற்காகவே குற்றமற்றவர்மீது சரித்திரப் பதிவேடு திறக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

கேமராவே வேண்டாம் என்பதல்ல நம் நிலை. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை நாடு பார்த்தது கேமரா பதிவால்தான். அங்கே நடந்த ஒரு குற்றம் பதிவானது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கும் உள்ளானது. குற்றம் நடக்கும் முன்பே ஆட்களைப் பட்டியலிட்டுத் தொடர்வது வேறு.

நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை அலுவலகத்தில் இருந்தபடியே பார்க்கலாம். கழிப்பறைக்குப் போகக்கூடப் பெண் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். கூட்டிப் பெருக்குபவரின் ஒவ்வோர் அடியையும் எண்ணத் தெரிந்த நிர்வாகம், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மாண்டவர்களை முறையாக எண்ணவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்து பத்தாண்டு கழித்து, இறப்புக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்காணிக்க வேண்டியது தொழிலாளியின் கையையா, அவரை உள்ளே இறக்கும் ஒப்பந்தக்காரரையா?

தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். 2019 மசோதாவில் சாதி, ‘உணர்திறன் மிக்க தகவல்’ என்ற வகையில் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் அது திருத்துகிறது. பஞ்சமி நிலம் இன்று யார் கையில் உள்ளது என்று நாம் கேட்டால், அது தனிநபர் தகவல் என்று பதில் வரலாம். நம்மைப் பற்றி அரசுக்கு எல்லாம் தெரியும். அரசைப் பற்றி நாம் கேட்டால் கதவு மூடும்.

அப்படியானால் அரசிடம் எதையும் சொல்லாமல் இருந்துவிடலாமா? முடியாது. எண்ணப்படாவிட்டால் இட ஒதுக்கீடு இல்லை, சிறப்பு நிதி இல்லை, தனித் தொகுதி இல்லை. எண்ணப்படவும் வேண்டும், கண்காணிக்கப்படவும் கூடாது. இரண்டும் ஒருசேர முடியும் என்பதற்கு நம் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒருவர் கொடுத்த விவரத்தைப் பிறர் பார்க்கவோ அவருக்கு எதிரான சாட்சியமாக்கவோ தடை விதிக்கிறது. மொத்த எண்ணிக்கை ஊருக்குத் தெரியும். தனி ஆளின் ஏடு மூடியிருக்கும்.

வரவிருக்கும் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. விவரங்கள் கைபேசிச் செயலி வழியே ஏறப்போகின்றன. நாம் அதை வரவேற்கிறோம். நம் சாதியைத் தயங்காமல் சொல்வோம். கூடவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். கணக்கெடுப்பு ஏடு வேறு எந்த அடையாள எண்ணோடும் காவல் துறைப் பதிவோடும் இணையக் கூடாது. சாதி பற்றிய தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு சட்டத்தில் திரும்ப வேண்டும். காவல் நிலையச் சேமிப்பில் தன் முகமும் ரேகையும் உள்ளனவா என்று அறியவும், தேவையற்றதை நீக்கக் கோரவும் எவருக்கும் உரிமை வேண்டும்.

1911இல் பண்டிதர், என்ன பெயரில் எண்ணப்படுகிறோம் என்று கேட்டார். அந்த எண்ணிக்கையை யார் வைத்திருக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டிய காலம் இது.