எரிந்தும் அழியாத கிரனாடா

உங்கள் வீட்டுப் பிள்ளை முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தேசம் சுற்றக் கிளம்பினால், மத்திய அமெரிக்காவில் நிகராகுவா நாட்டின் கிரனாடா நகரத்தையும் பார்த்து வரச் சொல்லுங்கள். 1524-ல் ஸ்பானியர் ஸ்தாபித்த ஊர். அப்பப்பா, என்ன வெயில்! ஆனால் பழைய வீடொன்றில் நுழைந்துவிட்டாலோ கனத்த சுவர், ஓட்டுக்கூரை, நடுவே செடிகள் நிறைந்த முற்றம்; உடம்பு குளிர்ந்துவிடும்.

பசித்தால் நடுப் பூங்காவில் 'விகொரோன்' கிடைக்கும். வாழை இலையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு, முட்டைக்கோஸ், பன்றித்தோல் வறுவல். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்!

வெயில் தாழ்ந்ததும் லா மெர்செத் மாதா கோயில் மணிக்கூண்டில் ஏற வேண்டும். சிவந்த ஓடுகள், மொம்பாச்சோ எரிமலை, கடல் போன்ற ஏரி எல்லாம் தெரியும்.

இந்த ஊரை 1856-ல் கொளுத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கன் கூலிப்படையுடன் வந்து, நிகராகுவாவுக்கு ஜனாதிபதியாகவே ஆகிவிட்டான். எதிரிகள் நெருக்கவே, அவனுடைய ஆட்கள் நகருக்குத் தீ வைத்தார்கள். 'இங்கே கிரனாடா இருந்தது' என்று எழுதியும் வைத்துவிட்டுப் போனார்கள்.

1860-ல் ஹோண்டுராஸில் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டான். ஜனங்களோ மறுபடி சுவர் எழுப்பினார்கள், ஓடு வேய்ந்தார்கள். வெயிலில் களைத்து வருகிறவனுக்கு இன்றும் நிழல் தருகிறது கிரனாடா!